கிளித்தெரோ: ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் பிறப்பும் பொருளும்

ஆங்கில நூல்களில் வரும் பெயர்களை எழுத்துப் பிழையின்றி எழுதக் கற்றுக் கொள்கிறோம். ஆனால் அவற்றிற்குப் பொருள் உண்டா என்று நாம் கேட்பது அரிது. ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையற்காரர், ஜான்சன் என்றால் ஜானின் மகன் என்ற அளவில் வகுப்பில் கேட்டிருப்போம். இவை ஆங்கில நாட்டில் தெருவுக்குத் தெரு காணக் கூடியவை. அப்படிக் காணக் கிடைக்காத ஓர் அரிய பெயரை இக்கட்டுரையில் எடுத்துக் கொள்வோம். அப்பெயர் கிளித்தெரோ.

இப்பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதியவுடனே நம் கண்முன் பச்சைக்கிளி ஒன்று பறந்து வந்து அமரும். கிளிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் இதன் பொருளை ஆராய்ந்தோர் இடையில் ஒரு பறவையைக் கொண்டு வந்து நிறுத்தினர் என்பது வேடிக்கையான உண்மை. அதைப் பின்னர் காண்போம்.

முதலில் ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் என்பது என்ன என்று தெளிவு செய்து கொள்ள வேண்டும். அது நாம் பெயருக்கு முன் எழுதும் தலைப்பெழுத்தைப் போன்றதன்று. தந்தை, மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக மாறாமல் இறங்கி வருவது. 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது பொது மக்களுக்கு இத்தகைய பெயர் கிடையாது. ஒரு கிராமத்தில் பத்து ஜான்களும் பன்னிரண்டு வில்லியம்களும் இருந்தால், வரி வாங்க வந்த அதிகாரி திகைக்க வேண்டியதுதான். ஆகவே தொழிலைக் கொண்டும், தந்தை பெயரைக் கொண்டும், உடல் தோற்றத்தையோ குணத்தையோ கொண்டும், ஊரைக் கொண்டும் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டினர். இவ்வாறு ஒட்டிய அடைமொழிகள் மெல்ல மெல்லப் பரம்பரைச் சொத்தாக மாறி, 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான குடும்பங்களில் நிலைத்து விட்டன.

இவற்றுள் ஊர்ப் பெயரால் வந்தவற்றைப் பற்றி ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. ஓர் ஊரிலேயே பிறந்து, அங்கேயே ஏர் பிடித்து, அங்கேயே கல்லறைக்குப் போகிறவனை அவ்வூர் மக்கள் ஊர்ப் பெயரால் அழைக்க மாட்டார்கள். எல்லோரும் அவ்வூரினர்தாமே! அவன் பிழைப்புத் தேடி வேறொரு பட்டணத்திற்குப் போனால்தான், அங்கே உள்ளவர்கள் “இன்ன ஊரிலிருந்து வந்த ஜான்” என்று சுட்டுவார்கள். ஆகவே ஊரைப் பெயராகக் கொண்ட ஆங்கிலக் குடும்பம் ஒன்றைக் கண்டால், அதன் முன்னோரில் ஒருவர் எப்போதோ அந்த ஊரை விட்டுப் புறப்பட்டவர் என்று பெரும்பாலும் கொள்ளலாம். சொந்த ஊர் கையை விட்டுப் போனது. அதன் பெயர் மட்டும் கூடவே வந்தது.

அப்படியானால் சில பெயர்கள் பெருகவும் சில அருகவும் காரணம் என்ன? மிடில்டன் என்ற பெயரைப் பாருங்கள். நடுவிலிருக்கும் பண்ணை அல்லது சிற்றூர் என்பது அதன் பொருள். இரண்டு ஊர்களுக்கு நடுவே மூன்றாவது ஊர் அமைவது எங்கும் நடக்கக் கூடியது. ஆகவே இங்கிலாந்தில் மிடில்டன்கள் பல. அங்கிருந்து புறப்பட்ட மிடில்டன் குடும்பங்களும் பல. கிளித்தெரோ என்ற ஊரோ ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்து புறப்பட்டவர்கள் சிலரே. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஒரே பெண்மணி தம் வாழ்நாளில் இரண்டையும் தாங்கினார்.

கிளித்தெரோ ஊர் இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயரில், ரிபிள் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஊரின் நடுவே ஒரு சுண்ணாம்புக்கல் குன்று துருத்திக் கொண்டு நிற்கிறது. அதன் உச்சியில் நார்மானியர் கட்டிய கோட்டையின் சிறு கோபுரம் இன்றும் உண்டு. இங்கிலாந்திலுள்ள அத்தகைய கோபுரங்களுள் மிகச் சிறியவற்றில் இதுவும் ஒன்று என்பர். குன்றின் கல்லோ மிகப் பழையது. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அவ்விடம் வெப்பமான ஆழமற்ற கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சேறும் இறுகிப் பாறையாயின. ஊரைச் சுற்றியுள்ள கல் வெட்டுக் குழிகளில் அவ்வுயிர்களின் படிவங்களைப் பள்ளிப் பிள்ளைகளும் பொறுக்கி எடுக்கலாம். இந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பியே அங்கே சிமெண்டு ஆலையும் எழுந்தது.

1102ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய ஆவணத்தில் இவ்வூர் ‘கிளிடெர்ஹோ’ என்பது போன்ற வடிவத்தில் காணப்படுகிறது. இதைப் பிரித்தால் இறுதிப் பகுதி குன்று அல்லது மேடு என்னும் பொருள் தருவது. இதில் கருத்து வேற்றுமை இல்லை. முதற் பகுதியில்தான் இரண்டு கட்சிகள். அது உதிர்ந்து சிதறிக் கிடக்கும் கற்களைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் என்பது ஒரு கட்சி. இதன்படி ‘உதிர்கற்குன்று’ என்று நாம் தமிழாக்கலாம். மற்றொரு கட்சியினர், வடகடலைத் தாண்டி வந்து குடியேறிய ஸ்காந்திநேவியரின் மொழியில் பூங்குருவியைக் குறிக்கும் சொல் அது என்றனர். இதன்படி ‘பூங்குருவிக் குன்று’ ஆகிறது. நாம் முன்னர் சொன்ன பறவை இதுவே.

இரண்டாவது பொருள் காதுக்கு இனியது என்பதில் ஐயமில்லை. ஆனால் இனியது எல்லாம் மெய்யாகி விடாது. ஊர்ப் பெயர் ஆராய்ச்சியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: அகராதியை மூடி விட்டு ஊரைப் போய்ப் பார்ப்பது. பார்த்தால் அங்கே குருவியை விடக் கல்லே முன்னால் நிற்கிறது. குன்று சுண்ணாம்புக்கல்; மழையிலும் பனியிலும் வெடித்து உதிரும் தன்மையது. இங்கிலாந்தின் தென்மேற்கே டார்ட்மூர் மேட்டு நிலத்தில், சரிவுகளில் சிதறிக் கிடக்கும் பாறைக் குவியலைக் ‘கிளிட்டர்’ என்றே இன்றும் சொல்கின்றனர். சில கிலோமீட்டர் தொலைவில் இயேசு சபையாரின் புகழ்பெற்ற ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரி இருக்கிறது. அந்த இடத்தின் பெயரிலும் கல் இருக்கிறது. கல் நிறைந்த மரக்காட்டு மேடு என்பது பொருள். இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்கையில் உதிர்கற்குன்று என்பதே பொருத்தமென நமக்குப் படுகிறது. அறிஞரில் பெரும்பாலோர் சாய்வதும் அப்பக்கமே. பூங்குருவியை விட மனம் வராதவர்களுக்கு ஓர் ஆறுதல் சொல்லலாம். அக்குருவி நத்தையைப் பிடித்தால் அதைத் தூக்கி வந்து ஒரு கல்லின்மேல் அடித்து அடித்து ஓட்டை உடைத்தே தின்னும். ஆகவே குருவிக்கும் கல் வேண்டும்!

இடப் பெயரில் பல இனத்தாரின் மொழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதற்கும் அவ்வூரிலேயே நல்ல சான்று உண்டு. கிளித்தெரோவுக்குக் கிழக்கே பெண்டில் மலை என்றொரு பெரிய மலை. பழைய பிரிட்டானியர் அதைத் தம் மொழியில் ‘பென்’ என்றனர். மலை என்று பொருள். பின்னர் வந்த ஆங்கிலேயர் அதன் பொருள் அறியாமல் ‘ஹில்’ என்று தம் சொல்லைச் சேர்த்தனர். இரண்டும் கலந்து ‘பெண்டில்’ ஆயிற்று. அதற்கும் பின் வந்தவர்கள் அதன் பொருளையும் மறந்து மறுபடியும் ஒரு ‘ஹில்’ சேர்த்தனர். ஆக அது ‘மலைமலைமலை’!

எழுத்துக் கூட்டும் முறையில் ஒரு சிறு வேறுபாடு. ஊரின் பெயர் ஓ, ஈ என்ற எழுத்துகளில் முடியும். குடும்பத்தாரில் பலர் அதை ஓ, டபிள்யூ என்று முடித்து எழுதினர். எழுத்துக் கூட்டுதல் நிலைபெறாத காலத்தில் ஊரை விட்டு வெளியேறிய பெயர், ஊரைப் பின்பற்றாமல் தன் வழியே போய் விட்டது.

இப்பெயர் தாங்கியோரில் செல்வச் சிறப்புடையவர் சர் கிறிஸ்டபர் கிளித்தெரோ. லண்டன் வணிகர், 1635இல் அந்நகரின் மேயர். 1638 முதல் 1641 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு லண்டனில் கவர்னராக இருந்தவர். அக்காலத்தில்தான், 1639இல், பிரான்சிஸ் டே என்பவர் சோழமண்டலக் கரையில் ஒரு மணல் திட்டைக் கம்பெனிக்காகப் பெற்றார். மறு ஆண்டு அங்கே புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியது. சென்னை பிறந்த கதையின் ஓரத்தில் இந்த அரிய பெயர் நிற்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் மகன் ஜேம்ஸ் 1670இல் லண்டனுக்கு மேற்கே பாஸ்டன் மாளிகையை வாங்கினார். அவர் சந்ததியார் இருநூற்றைம்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தனர். 1834இல் நான்காம் வில்லியம் மன்னரும் அரசியும் அங்கே விருந்துண்டனர்.

ஆனால் மன்னர் விருந்துண்ட வீட்டாரால் இப்பெயர் உலகெங்கும் பரவவில்லை. ஒரு கசாப்புக்காரரின் மனைவியால் பரவிற்று.

கிளித்தெரோ ஊருக்குக் கிழக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 85 கிலோமீட்டரில், யார்க் மாநகரம் உள்ளது. அங்கே தாமஸ் மிடில்டன் என்ற மெழுகுதிரி வணிகருக்கு 1556ஐ ஒட்டி ஒரு பெண் பிறந்தாள். மார்கரீத் என்று பெயரிட்டனர். 1571இல், பதினைந்து வயதளவில், இறைச்சி வணிகரும் மனைவியை இழந்தவருமான ஜான் கிளித்தெரோவுக்கு வாழ்க்கைப்பட்டார். ஆக, இன்று உலகம் கிளித்தெரோ என்றவுடன் நினைக்கும் அந்த அம்மையார் அப்பெயருடன் பிறந்தவர் அல்லர். நாட்டில் மலிந்து கிடந்த மிடில்டன் என்ற பெயரை விடுத்து, அரிய பெயருக்குள் மருமகளாக நுழைந்தவர். அதைத் தாங்கிய காலமும் பதினைந்தே ஆண்டுகள்.

அப்போது எலிசபெத் அரசியின் ஆட்சி. ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டுக்கு எல்லோரும் போக வேண்டும். போகாதவருக்கு ஞாயிறுதோறும் 12 பென்னி அபராதம். 1581க்குப் பின் அது மாதம் 20 பவுன் ஆயிற்று. மார்கரீத் திருமணமாகி மூன்று ஆண்டுகளுக்குள் கத்தோலிக்க வேதத்தைத் தழுவினார். கணவர் ஜான் அரசின் சட்டத்தை ஒட்டியே நடந்தவர். ஆயினும் மனைவியைத் தடுக்கவில்லை. முணுமுணுக்காமல் அபராதம் கட்டினார். மார்கரீத் பல முறை சிறை சென்றார். எழுத்தறியாமல் வளர்ந்த அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது சிறையில்தான். இதை மாணவியர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கு அனுப்பப்படாத ஒரு பெண், தண்டிக்க அடைத்த இடத்தையே பள்ளியாக்கிக் கொண்டார். வெளியே வந்ததும் தம் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே ஓர் ஆசிரியரை வைத்துப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்தார். மறைந்து திரிந்த குருக்களுக்கு இடம் கொடுத்துப் பூசையும் நடக்கச் செய்தார்.

1585இல் வந்த சட்டம் குருக்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை விதித்தது. 1586 மார்ச் 10ஆம் நாள் வீடு சோதனையிடப்பட்டது. அவ்வீட்டில் படித்த ஓர் அயல்நாட்டுச் சிறுவனை மிரட்டியதில், இரகசிய அறையும் பூசைப் பொருட்களும் வெளிப்பட்டன. அவ்வாண்டு யார்க் நகரின் மேயராக இருந்தவர் ஹென்றி மே. மார்கரீத்தின் தாயை மறுமணம் செய்தவர் அவரே என்பது இக்கதையின் கசப்பான பகுதி.

நீதிமன்றத்தில், குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கு மார்கரீத் விடை கூற மறுத்து விட்டார். தாம் குற்றம் எதுவும் செய்யவில்லை. ஆகையால் விசாரணைக்கு இடமில்லை என்றார். காரணம் நமக்கு விளங்குகிறது. விசாரணை நடந்தால் சாட்சிக் கூண்டில் ஏறப் போகிறவர்கள் அவர் பெற்ற பிள்ளைகளும் வீட்டு வேலையாட்களுமே. பிள்ளைகள் வாயாலேயே தாய்க்குத் தூக்குக் கயிறு முறுக்கப்படும். தீர்ப்புச் சொல்லும் ஜூரிகள் தலையிலும் அப்பழி ஏறும். அன்றைய சட்டப்படி, விடை கூற மறுப்பவரை ஜூரியின் முன் நிறுத்த முடியாது. அதற்குப் பதில் பாரத்தின் கீழ் வைத்து நசுக்குவர். இக்கொடிய முறை 1772இல்தான் ஒழிந்தது. பேசாதிருப்பவரைக் குற்றமற்றவராகவே கருதி விசாரிக்க வேண்டும் என்ற சட்டம் 1827இல் வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் வரலாறு படிக்கும் மாணவியர் குறித்துக் கொள்ளலாம்.

மார்கரீத் கருவுற்றிருப்பதாகக் கருதப்பட்டது. நீதிபதிகளில் ஒருவர் அதனால் தயங்கினார், மற்றவர்கள் தயங்கவில்லை. அவருடைய ஆன்ம குரு ஜான் முஷ் பின்னர் எழுதிய வரலாற்றில் இன்னொரு செய்தி உண்டு. மரணத்திற்கு முன் மார்கரீத் கணவருக்குத் தம் தொப்பியைக் கொடுத்தனுப்பினார். அவரே குடும்பத்தின் தலை என்பதற்கு அடையாளமாக. பன்னிரண்டு வயதளவான மகள் ஆனுக்குத் தம் காலணிகளையும் காலுறைகளையும் அனுப்பினார். ஒரு சொல்லும் எழுதவில்லை. காலணியைக் கண்ட மகளுக்கு வேறு சொல் தேவைப்படவும் இல்லை.

மார்ச் 25ஆம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளன்று, ஊஸ் ஆற்றுப் பாலத்தின் மேலிருந்த சுங்கச் சாவடியில் தண்டனை நிறைவேறியது. தம் கையாலேயே தைத்த வெள்ளை ஆடை அணிந்திருந்தார். முதுகுக்கடியில் ஒரு கைமுட்டி அளவுள்ள கூரிய கல். மேலே ஒரு கதவு. கதவின் மேல் 350 கிலோவுக்கும் அதிகமான பாரம். அதை ஏற்ற வேண்டியவர்கள் தாங்கள் செய்யக் கூசி, பிச்சைக்காரரைக் கூலிக்குப் பிடித்துச் செய்வித்தனர். இயேசுவின் திருப்பெயரைச் சொல்லிக் கொண்டே, கால் மணி நேரத்தில் உயிர் நீத்தார்.

இங்கே ஒரு சபலம் நம்மைப் பிடித்து இழுக்கும். உதிர்கற்குன்று என்று பொருள்படும் பெயர். கல்லின்மேல் நேர்ந்த சாவு. பெயரிலேயே விதி எழுதியிருந்தது என்று சொல்லி விடத் தோன்றும். அப்படிச் சொல்லக் கூடாது என்பதே நம் எண்ணம். அக்கற்கள் லங்காஷயர் குன்றுக்குச் சொந்தம். அவர் பிறந்தபோது அவருக்கு அப்பெயர் இல்லை. அதே பெயரைத் தாங்கிய லண்டன் வணிகர் மெத்தையில் படுத்து, முதுமையில் இறந்தார். யார்க்கில் நடந்தது பெயரால் நடக்கவில்லை. ஒரு சட்டத்தாலும், அச்சட்டத்தின் முன் ஒரு தாய் தெரிந்தெடுத்த மௌனத்தாலும் நடந்தது. அதை விதி என்று சொன்னால், அவர் வாய் திறந்து தப்பிக்கும் வழிகளைத் தேடாமல் விட்ட துணிவு எங்கே போகும்?

மகள் ஆன் கடல் கடந்து சென்று லூவேன் நகரில் கன்னியர் மடத்தில் சேர்ந்து, 1598இல் வார்த்தைப்பாடு கொடுத்தார். மகன்கள் இருவரும் குருத்துவக் கல்வியை நாடி வெளிநாடு போயினர். 1686இல் மேரி வார்டு அன்னையின் சபைக் கன்னியர் யார்க் நகர வாயிலருகே மடம் நிறுவினர். அரசாங்கத்துக்கு மறைவாகப் பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்த அந்த இடத்தில்தான் மார்கரீத்தின் கை ஒன்று காக்கப்பட்டு வருகிறது. ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் என்ற இயேசு சபைக் கவிஞர் அவரைப் பற்றி ஒரு கவிதை தொடங்கி முடிக்காமல் விட்டார். உதிர்கற்குன்றுக்கு அருகிலுள்ள ஸ்டோனிஹர்ஸ்டில் படித்தும் கற்பித்தும் வாழ்ந்தவர் அவர். தலைப்பில் ஊரின் எழுத்துக் கூட்டலையே பயன்படுத்தினார். 1970ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் நாற்பது வேதசாட்சிகளுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவர்களுள் பெண்கள் மூவர். அம்மூவருள் ஒருவர் மார்கரீத்.

மார்கரீத் வாழ்ந்த தெருவுக்கு ‘ஷாம்பில்ஸ்’ என்று பெயர். இறைச்சி விற்கும் பலகைகள் என்பது அதன் பழம்பொருள். இரு பக்கத்து வீடுகளும் மாடியில் முன்னுக்குச் சாய்ந்து ஒன்றையொன்று தொட முயலும் குறுகிய தெரு அது. 35ஆம் எண் வீட்டில் புனிதையின் சிறு கோயில் உண்டு. திருயாத்திரிகர் அங்கே மண்டியிட்டுச் செபிக்கின்றனர். தெருவின் வீட்டு எண்கள் பிற்காலத்தில் மாற்றப்பட்டன என்றும், ஜான் கிளித்தெரோவின் வீடு எதிர்ப்புறத்தில் 10ஆம் எண்ணாக இருந்திருக்கக் கூடும் என்றும் ஆராய்ந்தோர் சொல்கின்றனர். கோயிலை எவரும் இடம் மாற்றவில்லை.